மூக்கில் வைத்த சந்தனம்

குழைத்த சந்தன வாசனை வந்தாலே எனக்கு இன்னும் முகம் சூடாகிவிடுகிறது...

சில வருடங்களுக்கு முன்னால். பொங்கலூர் பக்கம், அறுவடை முடிந்த ஒரு சோளக்காடு. ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பனியன் கம்பெனிக்கு லீவு. ஆசை ஆசையாக நானே செய்த ரிமோட் கிளைடர் முதல்முறை பறக்கப் போகிறது.

கிளைடருக்கு இன்ஜின் கிடையாது. நண்பன் செல்வினின் குட்டி விமானம் கயிறு கட்டி அதை மேலே இழுத்துப் போகும். உயரம் வந்ததும் ரிமோட்டில் ஸ்விட்சைத் தட்டினால், கிளைடரின் மூக்குத் துளைக்குள் இருக்கும் கம்பி பின்வாங்கி, கயிறு கழன்றுவிடும். கம்பி சிக்கிக்கொண்டால் இரண்டுக்குமே ஆபத்து.

அப்பாவும் வந்திருந்தார். அதுவரை "பொம்மை" என்று திட்டியவர். கம்பெனிக்கு எந்தப் புது மெஷின் வந்தாலும் பொட்டு வைக்காமல் ஓட்ட விடமாட்டார்.

"ஏங்கண்ணு, புது வண்டி... சந்தனம் வெக்காம ஓட்டறதா?"

நண்பர்கள் சிரித்தார்கள். எனக்கு மானம் போனது. சீக்கிரம் முடிந்தால் போதும் என்று வேறு பக்கம் திரும்பி நின்றேன். அவர் மூக்கு நிறையச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழமும் சுற்றினார்.

ஸ்விட்சைத் தட்டினால் கம்பி பின்வாங்குகிறதா என்று அதற்கு முன்பே சோதித்திருந்தேன். கயிறு மாட்டியபின் இன்னொரு தடவை இழுத்துப் பார்க்க வேண்டும்... அவசரத்தில் பார்க்கவில்லை.

அழகாக மேலே போனது. ஸ்விட்சைத் தட்டினேன். கழலவில்லை. மறுபடி தட்டினேன்... இல்லை.

"என் பக்கம் கழத்தி விடுதேம்ல!" என்று கத்தினான் செல்வின். அவன் விமானம் தப்பித்தது. என் கிளைடர் கயிற்றைத் தொங்கவிட்டபடியே இறங்கி, கயிறு கிளுவை வேலியில் மாட்டி, குப்புற விழுந்தது. இறக்கை முறிந்துவிட்டது.

செல்வின் மூக்குத் துளையை நகத்தால் சுரண்டினான். காய்ந்த சந்தனம். என்னைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான்.

"பேட்டரி வீக்காயிட்டுங்கய்யா. வேற ஒண்ணுமில்ல."

நானும் தலையாட்டினேன்.

அடுத்த வாரமே அப்பா புது பேட்டரி வாங்கி வந்தார். அதற்கப்புறம் நான் பறக்கவிடக் கிளம்பும்போதெல்லாம் கேட்பார், "பேட்டரி பாத்துட்டியா கண்ணு?"

"பாத்துட்டனுங்கப்பா."

அவர் மனம் நோகாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று எனக்கு ஒரு பெருமை வேறு...

போன ஞாயிறு இன்னொரு புது கிளைடர். இப்போதெல்லாம் கயிற்றை மாட்டி, இழுத்து, கழற்றிப் பார்க்காமல் விடுவதில்லை. அப்பா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். நேராக வால் பக்கம் போய், சின்னதாக ஒரு பொட்டு வைத்தார்.

"மூக்குல வெக்கலீங்களாப்பா?"

"வேண்டாங் கண்ணு. அன்னைக்கே அந்தத் தம்பி நகத்துல பாத்தேன்."

"அப்பறம் ஏனுங்கப்பா பேட்டரி..."

"நீங்க ரெண்டு பேரும் பேட்டரின்னு சொன்னீங்க. சரின்னு வாங்கியாந்தேன்."

அன்று சிரித்த அதே நண்பர்கள்தான் சுற்றி நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

அவர் வாங்கித் தந்த பேட்டரி இன்னும் அட்டைப்பெட்டி பிரிக்காமல் என் அலமாரியில் கிடக்கிறது. அதுவும் அவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ... கேட்க வெட்கமாக இருக்கிறது.