தாய்மீன்களுக்குத் தவிடு குறைத்த வருஷம்

வங்காளத்து நைஹாட்டியில் நிமாய் விஸ்வாஸின் மீன்குஞ்சுப் பண்ணையை இப்போது மகன்கள் நடத்துகிறார்கள். தீவனம் மூட்டை மூட்டையாக லாரியில் வந்து இறங்கும்போதெல்லாம் அவர் மனைவி திலோத்தமாவுக்குப் பழைய நாட்கள் நினைவுக்கு வரும். அப்போது இருவரும் தகரத் தொட்டியில் பிசைந்த பிண்ணாக்கின் வாசனை சாப்பிடும்போதுகூட விரலை விட்டுப் போகாது.

நிமாய் பாசக்காரர். முட்டையிட வேண்டிய ரோகு மீன்களுக்குத் தவிட்டை அள்ளி அள்ளிக் கொட்டுவார்.

வலையில் வந்த கொழுத்த மீன்களைப் பார்த்து, "விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரில்ல இருக்கு!" என்று அக்கம்பக்கத்தார் சிரித்தால் அவருக்குப் பெருமை தாங்காது.

ஒரு வருஷம் மழைக்காலத்தில், முட்டையிடத் தூண்டும் ஊசி போட்டும் பாதி மீன்கள் முட்டையே விடவில்லை. விட்ட முட்டைகளும் வெளுத்து அழுகின. குஞ்சு வாங்க வந்தவர்கள் வெறும் அலுமினியப் பானைகளோடு திரும்பினார்கள். செத்த மீன் ஒன்றைத் திலோத்தமா அரிவாள்மணையில் வைத்து அறுத்தாள். உள்ளே மஞ்சள் மஞ்சளாகக் கொழுப்பு. முட்டைப்பை ஓரமாக ஒடுங்கிக் கிடந்தது.

"இங்க வாங்க. இது சூல் இல்ல, தொப்பை. உங்களுக்கு இருக்கே, அதேதான்."

மறுநாள் நிமாய் தானே மீன்துறை அலுவலரைத் தேடிப் போனார். தவிட்டைக் குறைத்து, மீன்தூளும் கடலைப் பிண்ணாக்கும் முளைகட்டிய கோதுமையும் கொடுக்கச் சொல்லி அனுப்பினார் அலுவலர்.

குளிர் விட்டதும் புதுத் தீவனம் தொடங்கியது. ஆனால் நிமாய் மடியில் தவிடு கட்டிக்கொண்டு குளத்தோரம் பதுங்கியதைத் திலோத்தமா பார்த்துவிட்டாள்.

"திருட்டுத்தனமா என்ன அது?"

"வாயைத் திறந்துக்கிட்டு வருது திலு. மனசு கேக்கல."

"உங்க மனசு சொன்னதக் கேட்டுத்தான் போன வருஷம் தொட்டி காலியாக் கிடந்துது. கொண்டாங்க இப்படி!"

அடுத்த மழையில் முட்டைகள் கண்ணாடி மணிகளாகத் தொட்டியில் சுழன்றன. உள்ளே கறுப்புப் புள்ளிகள் துடித்தன. நிமாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"நீ சொல்லித்தான் கேட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிடாத."

"சொல்லாம விடுவேனா?"

ஊரெல்லாம் சொல்லவும் செய்தாள். சந்தையில் கேலி செய்தவர்களோடு சேர்ந்து அவரும் சிரித்தார். அவர் போய்ப் பல வருஷமாகிறது. பண்ணையில் இப்போது குஞ்சுகளுக்குக் குறைவில்லை. சண்டை போடத்தான் திலோத்தமாவுக்கு ஆளில்லை.