மரத்தைத் தாண்டிய படகு

கொச்சியில் மகள் வாங்க நினைக்கும் பழைய படகின் சின்ன அறைக்குள் தலையை நுழைத்தேன். தார் வாசனை அடித்தது. உடனே எட்டு வயதுக்குப் போய்விட்டேன்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். குடும்பத்தோடு எங்கள் ஊர் ஏரியில் சுற்றுவதற்காக அப்பா கடலூரில் பழைய மரப்படகு ஒன்றை வாங்கி, டிராக்டரில் ஏற்றினார். அப்பாவும் அம்மாவும் முன்னால் ஏறிக்கொள்ள, நானும் தங்கையும் படகுக்குள்ளேயே உட்கார்ந்து வந்தோம். எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்தில் சாலையின் குறுக்கே புளியமரம் வெட்டிப் போட்டிருந்தார்கள்.

“தண்ணியில போவும்னு பாத்தா ரோட்டுலயே நின்னுக்கினு இருக்குது,” என்றாள் அம்மா.

மறியல்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். “இன்னாங்க இது?”

“படகுங்க. புள்ளைங்கள ஏத்திக்கினு ஏரியில சுத்தறதுக்கு,” என்றார் அப்பா.

மறியல்காரர் கொஞ்சம் யோசித்தார். “வண்டி எதையும் வுடக்கூடாதுன்னு முடிவு. படகு வண்டியில சேராது. அந்தாண்டயே ஏரி இருக்குது.”

இருபது பேர் எங்களையும் சேர்த்தே படகைத் தூக்கினார்கள். மரத்தைத் தாண்டிக் கொண்டுபோய் ஏரியில் இறக்கினார்கள். பெரியவர்களில் அம்மாதான் முதலில் ஏறினாள். சாயங்காலம் வரை மறியல்காரர்களும் முறைவைத்துச் சவாரி போனார்கள்.

“எஞ்சினைப் பார்க்கணுமா, அடிப்பலகையைப் பார்க்கணுமா, சொல்லுப்பா,” என்றாள் மகள்.

“தூக்கறதுக்கு எத்தினி பேர் வேணும்னு மொதல்ல கேளு,” என்றேன்.