என் மூக்கின் பக்கத்து வீட்டுக் கதவு

அடுத்தவர் மூக்கில் என்ன நடந்தது என்று அறிய உங்களுக்கு ஏன் இந்த ஆவல்? உங்கள் மூக்கை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதா? ஆனால், கொரோனாவுக்குப் பிறகு மணம் தெரியாமல் தவிப்பவர் என்றால் இருங்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். பிழைகளைப் பேத்தி திருத்துவாள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள்.

காய்ச்சல் விட்ட மறுநாள். உடுப்பிட்டியில் எங்கள் வாசல் படலையில் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டியிருந்தது. உள்ளே நானும் கணவரும் மட்டும். சும்மா இருக்க முடியாமல் கறித்தூளுக்குச் செத்தல் மிளகாய் வறுக்கத் தொடங்கினேன். வறுக்கும்போது நான் மிளகாயைப் பார்ப்பதில்லை. மணம் ஒரு கணத்தில் மாறும். அப்போது தாச்சியை இறக்குவேன். அன்றும் அந்தக் கணத்துக்குக் காத்திருந்தேன். வரவேயில்லை. இருமல் வந்தது. கொரோனா இருமல்தானே என்று கிளறிக்கொண்டிருந்தேன்.

வேலிக்கு அப்பால் பக்கத்து வீடு முழுவதும் இருமியது.

"தங்கமணி அக்கா, எங்களுக்கும் வந்திட்டுது போல கிடக்கு! காலமை நல்லாத்தானே இருந்தனாங்கள்!" என்று மலர் அலறினாள். சுகாதாரப் பரிசோதகருக்குத் தொலைபேசியும் எடுத்துவிட்டாள்.

கணவர் கிணற்றடியிலிருந்து ஓடிவந்தார். "உனக்கென்ன விசரே? மிளகாய் கரியாகிட்டுது. மணக்கேல்லையே?"

"மணக்கேல்லை" என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

சவர்க்காரம், கோப்பி, நல்லெண்ணெய் எல்லாம் மூக்கில் வைத்தேன். எல்லாம் வெறும் காற்று. எங்கள் ஒழுங்கையில் யார் தூள் வறுத்தாலும் "இறக்கலாமோ?" என்று என்னைத்தான் கேட்பார்கள். இனி என்னை எதற்குக் கேட்பார்கள்?

தனிமை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் சின்னப் பெண்.

"பிள்ளை, என்ரை மூக்கு நரம்பு செத்துப்போச்சோ?"

"இல்லையம்மா. கிருமி நரம்புக்குள்ளை போகேல்லை. பக்கத்திலை இருக்கிற கலங்களுக்குள்ளைதான் போனது."

கிருமி நினைத்த இடத்தில் நுழைய முடியாதாம். அதன் மேலிருக்கும் முள் பொருந்துவதற்கு ஏற்பி (கலத்தின், அதாவது உயிரணுவின், வெளிப்புறத்தில் கதவுப் பூட்டுப்போல இருக்கும் புரதம்) வேண்டுமாம். மணம் பிடிக்கும் நரம்பில் அந்தப் பூட்டு இல்லை என்றே சொல்லலாம். அந்த நரம்பைத் தாங்கி, ஊட்டி வைத்திருக்கும் அயல் கலங்களில்தான் இருக்கிறதாம். அவை விழுந்தால், நரம்பு காயமில்லாமலே செயலற்றுப் போகுமாம்.

"அப்ப உந்தப் பூட்டைக் கழட்டி எறியுங்கோவன்."

அவர் சிரித்தார். "எறிஞ்சா உங்கடை பிரசரை ஆர் பாக்கிறது? அதைச் சீரா வைச்சிருக்க உதவுறதும் உதுதான். கிருமிக்கெண்டு உடம்பு வைச்சதில்லை."

மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். இத்தனை வருடம் முகம் கழுவியிருக்கிறேன். உள்ளே ஒரு ஊரே குடியிருப்பது தெரியாது.

"திரும்பி வருமோ?"

"அந்த அயல் கலங்கள் திரும்ப எழும்பினா வரும். கனபேருக்கு வந்திருக்கு. நாள் சொல்லேலாது. தினமும் மணந்து பழகுங்கோ."

கராம்பையும் தேசிக்காயையும் (எலுமிச்சையைத்தான் சொல்கிறேன்) காலையும் மாலையும் மணந்தேன். மாதங்கள் போயின.

ஒரு காலை கிணற்றடியில் மெல்லிய நாற்றம் ஒன்று வந்தது. சுருட்டு! கணவர் என் தலையில் அடித்துச் சத்தியம் செய்து கைவிட்ட சுருட்டு.

"இஞ்சாருங்கோ, உது எப்ப துவங்கினது?"

கையைப் பின்னால் ஒளித்தபடி, "உனக்கு மணக்குதோ?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

பறித்து ஆசைதீர மணந்தேன். பிறகுதான் சேற்றில் எறிந்தேன்.

இன்னும் முழுதாக வரவில்லை. மிளகாயின் அந்தக் கணம் இப்போது பிந்தித்தான் வந்து சேர்கிறது. வரும்வரை, உள்ளே யாரோ எனக்காக எழும்பி வேலை செய்கிறார்கள் என்று நினைத்து மூச்சை இழுத்துக்கொண்டு நிற்கிறேன்.

எனக்கு மணம் வரத் தொடங்கியதை அறிந்து வேலியடியில் மலரும் மற்றவர்களும் கேட்டார்கள்: "டொக்டர் என்னவாமக்கா?"

"என்ரை மூக்கிலை ஒரு பிழையுமில்லையாம். பக்கத்து வீட்டுக்காரர்தான் கதவைத் திறந்துவிட்டவையாம்."

மலர் முகத்தைச் சுளித்தாள்.

"கோவிக்காதை. அவையள் எழும்பினாப் பிறகுதான் எனக்கு மணமே வந்தது. நாளைக்கு மிளகாய் வறுக்கிறன். வந்து பக்கத்திலை நில்லுங்கோ. நீங்கள் இருமினா இறக்கிறன்."