வீட்டு இலக்கம் கட்டாயம்

“அது நாங்க எழுதினதில்ல, மெஷின் எழுதினது” என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். என்ன பேச்சு இது! மெஷினுக்கு மூளையா இருக்கிறது, அதுவாக யோசித்து எழுத? நானும் பல தடவை அதே பேச்சைப் பேசியவன்தான். கோபம் அதனால் குறையவில்லை, கூடத்தான் செய்கிறது.

கண்டியில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். தருமத்துக்கு நடக்கும் ஒரு கண் வைத்தியசாலைக்கு நோயாளர் பதிவு முறையைச் செய்து கொடுத்தோம். சுற்றுப்புற டவுன்களில் உள்ள பதிவு கவுன்டர்கள் ஒரு பக்கம், வைத்தியசாலையின் சேர்வர் மறு பக்கம். என்ன கேட்கலாம், கேட்கும்போது எதையெல்லாம் கொடுத்தாக வேண்டும், என்ன பதில் வரும் என்பதை வைத்தியசாலைக்காரர்கள் ஒரு விவரணக் கோப்பில் எழுதித் தருவார்கள். அதை ஒரு கருவிக்குள் போட்டால் கேட்கும் பக்கத்து நிரலையும் பதில் சொல்லும் பக்கத்து நிரலையும் அதுவே எழுதித் தள்ளிவிடும். அப்படிப் பிறக்கும் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ஓர் எச்சரிக்கை இருக்கும்: இதில் கை வைக்காதே, அடுத்த முறை உருவாக்கும்போது உன் மாற்றம் அழிந்துவிடும்.

நான் கை வைத்தேன்.

விவரணத்தில் வீட்டு இலக்கமும் வீதியின் பெயரும் கட்டாயம் என்று இருந்தது. எங்கள் வீடு நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. அங்கே வீதியும் இல்லை, இலக்கமும் இல்லை. தோட்டத்தின் பெயர், அதில் எந்தப் பிரிவு என்று சொல்லும் டிவிசன், அவ்வளவுதான். கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்கு மொத்தமாக வரும். இதை எங்கள் ஆபீஸ் கூட்டத்தில் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏனென்றால் எங்கள் நிறுவனத்துக்கு வேலைக்கு விண்ணப்பித்தபோது நான் கொடுத்ததே பேராதனையில் தங்கியிருந்த போர்டிங் முகவரிதான். “எங்க வீட்டுக்கு நம்பர் இல்ல” என்று அத்தனை பேருக்கு முன்னால் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கமாம், வெட்கம்! வைத்தியசாலைக்குப் பேருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன். பதில் வரவில்லை. இயந்திரம் எழுதிய இரண்டு கோப்பிலும் ஒவ்வொரு வரியைத் திருத்தி, இலக்கம் இல்லாதவர்களும் பதிவாகிற மாதிரி செய்துவிட்டு, யாரிடமும் மூச்சு விடவில்லை.

தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. கொழுந்தும் முற்றின இலையும் ஒன்றாகத்தான் தெரிகிறது என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். “கண்ணப் பாத்துக்கிட்டு வா, இல்லாட்டி வேலைக்கு வராத” என்று கங்காணி சொல்லிவிட்டார். “நாவலப்பிட்டி கவுன்டர்ல போய்ப் பதிஞ்சிட்டு வாங்கம்மா, ஒரு கரச்சலும் இருக்காது” என்றேன். அந்தப் பதிவு முறையைச் செய்தது எங்கள் ஆபீஸ்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் டிவிசன் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பார்.

அந்த வாரம்தான் வைத்தியசாலை விவரணத்தில் இரத்த வகையைப் புதிதாகச் சேர்த்து அனுப்பியது. திகனவிலிருந்து வரும் என் சக ஊழியர் கருவியை ஓட்டினார். கோப்புகள் புதிதாகப் பிறந்தன. என் இரண்டு வரியும் போயே போய்விட்டன. எனக்குத் தெரியவே தெரியாது.

நாவலப்பிட்டியில் அம்மாவின் முகவரியைத் திரை ஏற்கவில்லை. கவுன்டர் பிள்ளை, “நம்பர் உள்ள யார்ட அட்ரஸாவது குடுங்கம்மா” என்றிருக்கிறது. எங்கள் ஆட்கள் அந்த இடத்தில் என்ன செய்வார்களோ அதையே அம்மாவும் செய்தார். வழக்கமாக அரிசி, மாவு வாங்கும் டவுன் கடையின் முகவரியைக் கொடுத்துவிட்டு வந்தார். ஒப்பரேசன் தேதி போட்ட கடிதம் கடைக்குப் போனது. முதலாளி அதைப் பத்திரமாக மேசை லாச்சியில் வைத்தார். அம்மா டவுனுக்கு இறங்குவது மாதத்துக்கு ஒரு தடவை. இறங்கியபோது தேதி போய் நான்கு நாள். கவுன்டரில் கேட்டதற்கு, இனி ஐந்து மாதம் செல்லும் என்றார்கள்.

அம்மா தொலைபேசியில் இதைச் சொன்னதும் கோப்புகளைத் திறந்து பார்த்தேன், என் வரிகளைக் காணவில்லை. நேரே போய் சக ஊழியர்மேல் பாய்ந்தேன். “யாரக் கேட்டு அந்தக் கோப்புல கைய வச்சீங்க?”

அவர் பதறவில்லை. “கைய வச்சது நானா நீங்களா? மேல எழுதியிருக்கிறத நீங்க வாசிக்கல்லியா? சொல்லியிருந்தா நான் பாத்துச் செஞ்சிருப்பேனே. இதுக்கு இப்ப என்ன ஏசுறீங்க?”

கதிரையைத் தள்ளிவிட்டு வெளியே வந்து, முச்சக்கரவண்டி பிடித்து வைத்தியசாலைக்கே போனேன். விவரணக் கோப்பைப் பார்ப்பவர் ஓர் இளம் சிங்களவர். தோட்டத்தில் வீடுகளுக்கு இலக்கம் இல்லை என்று அவருக்குச் சிங்களத்தில் சொன்னேன். “என் அம்மாவுக்கே இல்லை” என்றும் சொன்னேன், சத்தமாக. வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

அவர் இரண்டு இடத்தில் ‘கட்டாயம்’ என்பதை எடுத்தார், தோட்டம், டிவிசன் என்று இரண்டு புதிய கட்டம் சேர்த்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. “இவ்வளவுதானே, முதலே வந்து சொல்லியிருக்கலாமே” என்றார். அவர் கன்னத்தில் ஒன்று விடலாம் போல இருந்தது. அறை வாங்க வேண்டிய கன்னம் என்னுடையது என்பதும் தெரிந்தது. தேதியை முன்னே கொண்டுவர முடியுமா என்று கெஞ்சினேன். பட்டியல் நிரம்பிவிட்டது, ஐந்து மாதம் ஐந்து மாதம்தான் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். வேலையிலிருந்து நின்றுவிட்ட அம்மா, குசினியில் கோப்பையைத் தடவிப் பார்த்துத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு கோபமும் இல்லை அவருக்கு.

“அந்தப் பொட்டியில எழுதி வச்சவன் நம்ம ஆளுக யாரையும் கண்ணால பாத்திருக்க மாட்டான் போலப்பா. பாவம், அவனுக்கு என்னா தெரியும்?”

“நாந்தாம்மா எழுதுனேன்” என்றேன்.

அம்மா ஊற்றுவதை நிறுத்திவிட்டு, நான் நின்ற பக்கமாகத் திரும்பினார்.

“அப்ப ஒனக்குமா நம்ம அட்ரஸ் தெரியல?”