முதுகுக்குக் கொடுத்த சத்தம்

சவுண்டு பாயி, நீங்கள் போய்விட்ட சேதி எனக்குக் காலை பஸ்ஸில்தான் வந்தது. அன்னாசிக் கூடையை ஏற்றிவிடப் போயிருந்தேன். பேளுக்குறிச்சியில் பாய் கடை இனி திறக்காதுங்க என்று கண்டக்டர் சொன்னார். வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டாரா என்று கேட்டேன். அவர் கூடையை வாங்கி உள்ளே வைத்தார். முந்தின நாளே அடக்கமும் ஆகிவிட்டதாம். முகம் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

பாயோடு தொழில் செய்த மைக்செட்காரர்கள் அவர் நினைவுக்குச் சின்னதாக ஒரு புத்தகம் போடுகிறார்கள். நீங்களும் எழுதுங்க என்று அவர் மகள் சொல்லி அனுப்பினாள். நான் அஞ்சாவதோடு நின்றவள், கோர்வையாக வராது. ஆனால் எங்கள் ஊட்டுச் சுவரில் அவர் பதித்த இரண்டு ஸ்பீக்கரைப் பற்றி நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

எங்களுக்கு மலை மேலே ஆலத்தூர் நாடு. என் ஊட்டுக்காரர் மிளகு பறிக்க ஏறின மரத்தில் இருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. கையில் பலம் இருக்கிறது, தானே புரளலாம், உட்காரலாம் என்றுதான் டாக்டர் சொல்லி அனுப்பினார். இவர் செய்யவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவர் ஒரு வருசம் அப்படியே கிடந்தார். கூப்பிட்டால் 'ம்' என்பார், அவ்வளவுதான். சோறு ஊட்டுவதற்கும் நான்தான் சுற்றிப் போய், சுவருக்கும் அவருக்கும் நடுவில் ஒடுங்கி உட்காரணும்.

விழுவதற்கு முன்னால் அவர் சினிமாப் பைத்தியம். மலை இறங்கி ஒரு படம் பார்த்துவிட்டு வந்தால் ஒரு வாரத்துக்கு மரத்து மேலே வசனமாகத்தான் இருக்கும். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த டீச்சரம்மா, ராசிபுரத்தில் தன் தம்பி ஊட்டில் சுவருக்குள்ளேயே ஸ்பீக்கர் வைத்து ஹோம் தியேட்டர் கட்டியிருக்கிறார்கள் என்று சொன்னார். அது என் மண்டைக்குள் புகுந்துகொண்டது. டிவியும் சிடி பிளேயரும் வந்து சேர்ந்ததும், சந்தை நாளில் பாய் கடைக்குப் போய், என் ஊட்டுக்காரர் கிடக்கிற கிடையைச் சொன்னேன்.

இருக்கிறதிலேயே பெரிசைக் கொடுங்க, கோயில் நோம்பிக்கு வைக்கிறீங்களே அதாட்டம் என்றேன்.

"ஊருக்குக் கேக்கோணுமா தங்கச்சி, ஊட்டுக்காரருக்குக் கேக்கோணுமா?" என்றார்.

அப்புறம் கேள்வியாகக் கேட்டார். அறை எத்தனை முழம், கூரை என்ன, தரை என்ன. சுவர் மண்சுவர் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. செங்கல்லும் சிமெண்டும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும், மண் அப்படிச் செய்யாது என்றார். நாலு ஸ்பீக்கரை எடுத்து வைத்தார். நான் பாட்டுப் போடுவார் என்று பார்த்தேன். அவர் ரேடியோவில் செய்தியைத் திருப்பி, ஒவ்வொன்றாக மாற்றி மாட்டி, என்னை ரோட்டுப் பக்கம் பார்த்து நிற்கச் சொல்லி, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லச் சொன்னார். பாய் செய்தி வாசிக்க ஆள் எடுக்கிறாரா என்று டீக்கடையில் சிரித்தார்கள். பெரிய ஸ்பீக்கரில் எனக்குப் பாதி வார்த்தைதான் பிடிபட்டது. சோற்று வட்டில் அளவு கூட இல்லாத ஒன்றில் ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

"பாட்டுப் போட்டா எல்லா ஸ்பீக்கரும் நல்லவனாட்டம் நடிக்கும். பேச்சுலதான் மாட்டிக்கும்" என்றார். அந்த ஜோடிதான் முடிவானது.

அதை மாட்டித் தர அவர் மலை ஏறி வருவதற்குள் நான் ஒரு காரியம் செய்தேன். வேலை மிச்சமாகட்டும் என்று, என் ஊட்டுக்காரர் பார்த்துப் படுத்திருந்த சுவரிலேயே, அவர் தலைமாட்டிலும் கால்மாட்டிலும், வட்டிலை வைத்துக் கோடு போட்டுக் கடப்பாரையால் இரண்டு குழி தோண்டிவிட்டேன். மண் அவர் போர்வையில் உதிர்ந்தது. ஏன் என்றுகூட அவர் கேட்கவில்லை.

பாய் வந்து குழியைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, டிவி எந்தச் சுவரில் என்று கேட்டார். எதிர்ச் சுவரில், அவர் முதுகுக்குப் பின்னால் என்றேன். அப்படியானால் ஸ்பீக்கரும் அங்கேதான் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒரு வருசமா இந்தப் பக்கம் மூஞ்சிய வெச்சுக் கிடக்கறாருங்க. சத்தத்தை முதுகுக்கா குடுக்கச் சொல்றீங்க?"

"முதுகுக்குத்தான் குடுக்கோணும். மூஞ்சிக்குக் குடுத்தா அவரு எதுக்குத் திரும்போணும்?"

நான் போய்ச் செம்மண் அள்ளி வந்தேன்.

அவரே செம்மண் குழைத்து, என் ஊட்டுக்காரர் முகத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து, இரண்டு குழியையும் அடைத்தார். பேசிக்கொண்டேதான் பூசினார். அவருக்கு மலை பஸ் ஆகாது. எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்திருந்தார்.

"மாப்ள, நீங்க ஒரு தடவைதான் உழுந்தீங்க. நான் எழுவது வளைவுலயும் உழுந்து உழுந்து வாரேன்" என்றார்.

எங்கள் ஊட்டில் அந்த விழுந்த பேச்சை யாரும் எடுத்ததில்லை. என் ஊட்டுக்காரர், பாய் பூசுகிற கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருசத்தில் அவர் எதையாவது கவனித்துப் பார்த்ததை அன்றுதான் கண்டேன்.

டிவிக்கு இரண்டு பக்கமும் நெஞ்சு உயரத்துக்கு அளந்தார். பிறகு என்ன தோன்றியதோ, வெள்ளைச் சட்டையோடு என் ஊட்டுக்காரர் படுக்கையிலேயே அவருக்குப் பின்னால் படுத்துப் பார்த்தார். எழுந்து கோட்டை அழித்து, தரையில் இருந்து ஒரு முழத்துக்கு இறக்கினார். உட்காருகிறவனுக்கு ஒரு உயரம், படுத்திருக்கிறவனுக்கு ஒரு உயரம் என்றார். குழிக்குள் இலவம் பஞ்சு அடைத்து, பலாப் பலகையில் சட்டம் வைத்து, மெல்லிய துணி கட்டி, சத்தத்தைத் தாழ்வாக ஓர் அளவில் வைத்தார்.

கிளம்பும்போது சொன்னது இதுதான்: "தங்கச்சி, இந்த அளவுக்கு மேல சத்தத்தைக் கூட்டாத. அவரே கேட்டாலும் கூட்டாத. மூணு நாள் பாப்போம்."

முதல் நாள் படம் தன்பாட்டில் ஓடியது. இரண்டாம் நாள் சுவரைப் பார்த்தபடியே, "சத்தம் பத்தலை" என்றார். இரண்டு வார்த்தை. நான் ஓடிப்போய்த் திருகில் கை வைத்துவிட்டேன். பாய் சொன்னது ஞாபகம் வந்தது. திரும்பினா நல்லாக் கேக்குமாம் என்று மட்டும் சொன்னேன். "யாரு, அந்தப் பாயி சொன்னானா?" என்றார். கையை எடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன். கெட்டியான மனுசி இல்லை நான்.

மூன்றாம் நாள் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு உள்ளே வந்தேன். கைகளை ஊன்றி, இந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்துக் கேட்டார்: "இவன் எதுக்கு இவளத் தேடறான்? முன்னால என்ன ஆச்சு? முதல்ல இருந்து போடு."

போட்டேன். நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம்.

அதற்குப் பிறகு அவர் உட்கார்ந்தார், சக்கர நாற்காலிக்கு வந்தார், இன்றைக்கும் மிளகைப் புடைத்துப் பிரிப்பது அவர்தான். பாய் போன சேதியைச் சொன்னபோது முறத்தைக் கீழே வைத்துவிட்டார். அந்த நாள் முழுக்க எடுக்கவில்லை.

பாயிடம் இருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. யாராவது முகத்தைத் திருப்பிக்கொண்டால், முன்னைப் போல நான் சுற்றிப் போய் எதிரில் நிற்பதில்லை. என் பெரிய மகன் கோபித்துக்கொண்டு ஊட்டை விட்டுப் போனபோதும் தேடிப் போய் நிற்கவில்லை. இருக்கிற இடத்தில் இருந்தே பேசிக்கொண்டிருப்பேன், கூட்டாமல் குறைக்காமல். அவனிடம் போனிலேயே பேசினேன், அவன் வந்துவிட்டான்.

சந்தையில் உங்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வி வாய் வரைக்கும் வரும். நீங்கள் டீ சொல்லிவிடுவீர்கள், மாப்ள எப்படி இருக்கார் என்பீர்கள், அது போய்விடும். இப்போது கேட்கிறேன். நாலாவது நாளும் அவர் திரும்பாமல் கிடந்திருந்தால், என்ன பண்றதா இருந்தீங்க பாயி?