பெருமாள் கேட்ட புருவம்

அன்றைக்கு எங்கள் ஒற்றை அறை வீட்டில் இருந்தது நான்கு பேர்: மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய அம்மா, ஆட்டோ ஓட்டும் மாமா, எதிர்வீட்டு மீன்காரப் பெரியம்மா, ஒன்பது வயதில் நான்.

அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய். மருந்து ஏற்றியதில் முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்துவிட்டது. அடையாற்றங்கரையில் எங்கள் தெருவில் அந்த நோய் வந்தால் ஆள் போனதாகவே பேசுவார்கள். அத்தை அப்படித்தான் போனாள். ஒட்டிக்கொள்ளும் என்று வேறு ஒரு பேச்சு. அம்மா இட்லி சுட்டு விற்றுத்தான் நாங்கள் சாப்பிட்டோம். விஷயம் தெரிந்தால் இட்லி வாங்க யார் வருவார்கள்?

மாமாதான் வழி கண்டுபிடித்தார். மிச்ச முடியையும் மழித்து, திருப்பதி போய் வந்ததாகத் தெருவுக்குச் சொல்லிவிட்டார். லட்டு கேட்பார்களே என்று, திருப்பதி லட்டே கிடைக்கும் தி. நகர் பெருமாள் கோயில் வரிசையில் நின்று அதையும் வாங்கி வந்தார். மாமா வீட்டில் விட்டிருந்த எனக்கும் அதே பொய்தான். என்னை விட்டுவிட்டு மலைக்குப் போனார்களே என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன்.

பெரியம்மா லட்டை வாங்கினாள். தின்னவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"இன்னாமே, பெருமாள் முடிதான கேப்பாரு. புருவத்தையுமா கேட்டாரு?"

மாமா கூரையைப் பார்த்தார். அம்மா முந்தானையை நெற்றிவரை இழுத்துக்கொண்டாள்.

"மூடாத. எங்கிட்டயும் கேட்டாரு. பன்னண்டு வருசம் ஆவுது. இப்போ பாரு, கொண்டை கீது, புருவம் கீது, நானும் கீறேன்."

அம்மா அழுதாள். பெரியம்மா சேலை முடிச்சை அவிழ்த்து, பத்து ரூபாய்த் தாளும் ஒரு ரூபாய்க் காசும் அம்மாவின் கையில் வைத்தாள். "அடுத்த தபா மலைக்குப் போவ இல்ல, என் பேர்ல உண்டியல்ல போட்டுடு." பிறகு வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "காலீல எனக்கு ஆறு இட்லி எடுத்து வையி," என்றாள்.

இப்போதுதானே போய் வந்தாள், அதற்குள் அடுத்த தடவைக்கு எதற்குக் காசு, அதை வாங்கிக்கொண்டு அம்மா ஏன் அழ வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. பெருமாள் என் புருவத்தையும் கேட்டுவிடுவாரோ என்று பயந்து, அதைக் கையால் பொத்திக்கொண்டே தூங்கினேன்.

அம்மாவின் நோய் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எட்டாவதோடு நின்று இட்லிச் சட்டிக்கு வந்தவள் நான். பயம் மட்டும் நிற்கவில்லை. வருஷா வருஷம் அம்மாவைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போகிறேன். கூடம் நிறையப் பெண்கள். எங்கள் தெருவுக்கு மட்டும் வந்த நோய் என்று எப்படி நினைத்தேனோ. ரேஷன் கடை வரிசை மாதிரி வம்பு பேசிக்கொண்டு, பல வருஷமாக வந்துபோகிறவர்களும் உண்டு. முன்பெல்லாம் முற்றிய பிறகுதான் வருவார்கள், இப்போது சின்னக் கட்டியிலேயே வந்துவிடுவதால் நிறையப் பேர் பிழைக்கிறார்கள் என்கிறார் நர்சம்மா.

ஒன்றுமில்லை என்று ரிசல்ட் வந்ததும் அம்மா, "ஒரு தபா மலைக்குப் போய்ட்டு வந்துர்லாம்டி," என்பாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று நான் தள்ளிப்போடுவேன். பாக்கி இருக்கிறவரை பெருமாளும் அவளை விட்டுவைப்பார் என்று ஒரு நினைப்பு.

அவருக்கு நாங்கள் தர வேண்டியது இன்னும் பதினோரு ரூபாய்.