கரி பஸ்ஸில் எல்லை தாண்டிப் போகிறவர்களுக்கு

செல்லம்மக்கா, இதை யாரிடமும் காட்டாதீர்கள். அத்தானிடமும் வேண்டாம். பெரியம்மாவிடம் வேண்டவே வேண்டாம். படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை நீங்களும் பெரியம்மாவும் அத்தானும், மூன்று மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, எங்கள் அப்பாவின் பஸ்ஸில் ஜெகதாப்பட்டினத்துக்குக் கடலாடப் போகிறீர்கள். போன வாரம் அதே பஸ்ஸில், அதே இடத்துக்கு நாங்கள் போய்வந்தோம். டீச்சர் கேட்டாரென்று அதைப் பற்றி ஒரு பயணக் கட்டுரையும் எழுதிக் கொடுத்தேன். பத்துக்கு எட்டு மார்க்கு. கடல் நீலமாக இருந்தது, காற்று இதமாக இருந்தது என்று எழுதியிருந்தேன். நடந்ததை எழுதவில்லை. அது இதில் இருக்கிறது. மைலும் மணியும் செலவும் சரியாகப் போட்டிருக்கிறேன். உங்களுக்கு உதவும்.

ஏன் போனோம் என்பதிலிருந்து சொல்கிறேன். யுத்தம் வந்த பிறகு பெட்ரோல் கிடைக்காமல் அப்பாவின் பஸ் எட்டு மாதம் ஷெட்டில் நின்றது. பிறகு எல்லோரையும் போல அப்பாவும் அதைக் கரியில் ஓடுகிறபடி மாற்றினார். பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு டிரம் நிற்கிறதே, அதற்குள் கரி புகைந்து, அந்த வாயுவில்தான் இஞ்சின் ஓடுகிறது. ரயிலில் பட்டாளத்துக்காரர்கள் கூட்டம். குடும்பத்தோடு கோயில் குளம் போகிறவர்கள் வழியிலேயே சமைத்து, படுத்து, எழுந்து போக ஒரு வண்டி இருந்தால் நன்றாக இருக்குமே என்று அப்பாவுக்குத் தோன்றியது. சீட்டுகளைக் கழற்றி இரண்டு பலகைக் கட்டில் அடித்தார். குழாய் வைத்த தண்ணீர்ப் பீப்பாய், பாத்திரப் பெட்டி, முகம் பார்க்கக் கண்ணாடி எல்லாம் உண்டு.

அவருக்கு மிகவும் பெருமையான வேலை ஒன்று உண்டு. பின் பலகையில் ஒரு முழ அகலத்துக்குச் சின்னக் கதவு வெட்டியிருக்கிறார். அதைத் திறந்து கையை நீட்டினால் டிரம்மின் மூடி. அதன்மேல் செம்பை வைத்தால் தண்ணீர் சுடும், பால் ஆறாது. அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டி, "இனிமே ராத்திரில புள்ளைக்குப் பாலு சுட வைக்க நீ எந்திரிச்சு அடுப்பு மூட்ட வேணாம்ல" என்றார். அம்மா சிரித்துக்கொண்டே, "எம்புட்டு அக்கறை" என்றாள். வாடகைக்கு விடுமுன் முதல் பயணம் நாமே போவோம் என்று அப்பா, அம்மா, ஆறு வயதுத் தங்கை பொன்னி, நான் நாலு பேரும் கிளம்பினோம்.

கிளம்புமுன் பெரியம்மா வந்து பயமுறுத்தியது நினைவிருக்கிறதா? நம் ராஜாவின் சமஸ்தானம் தாண்டினால் வெள்ளைக்காரன் சீமை, சிவப்புத் தலைப்பாகைப் போலீஸ் வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்வான், கடற்கரையில் ஜப்பான்காரன் குண்டு போடுவான், ஆவுடையார்கோவில் பக்கம் திருடர் பயம், தண்ணீர் குடித்தால் காலரா. நான் அத்தனைக்கும் பயந்தேன். ஒவ்வொன்றும் எப்படி இருந்தது என்று எழுதுகிறேன்.

விடியற்காலை ஐந்து மணிக்கு அப்பா டிரம்மில் கரி மூட்டினார். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்று ஊத வேண்டும். வண்டி உயிர் பெற இருபத்தைந்து நிமிடம் ஆனது. ஐந்தரைக்குத் திருக்கோகர்ணத்தை விட்டோம். அறந்தாங்கி இருபத்திரண்டு மைல். நடுவில் சாம்பல் தட்ட இரண்டு முறை நின்றோம். அறந்தாங்கிக்கு முன்னால் எல்லைக் கல் வந்தது. பொன்னி சன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்துவிட்டு, "மரம் எல்லாம் நம்ம ஊரு மாதிரியேல்ல இருக்கு" என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

அங்கே சிவப்புத் தலைப்பாகை நின்றது நிஜம். காகிதத்தை வாங்கிப் பார்த்தார், டிரம்மைத் தட்டிப் பார்த்தார். "இது பஸ்ஸா, வீடாய்யா?" என்றார். "ரெண்டுந்தாங்க" என்றார் அப்பா. "அப்ப வீட்டு வரியும் கட்டணும்லய்யா" என்று சிரித்துவிட்டுக் கையைக் காட்டினார். பத்து நிமிடம் கூட ஆகவில்லை.

எட்டே முக்காலுக்கு அறந்தாங்கி. காப்பி அரையணா. இங்கே ஒரு விஷயம்: நம் அம்மன் காசு அங்கே செல்லாது. அம்மா வாழைப்பழத்துக்கு ஒரு பிடி அம்மன் காசை எடுத்துக் கொடுக்க, கடைக்காரர் அதை உள்ளங்கையில் உருட்டி, "இது ஒங்க ராஜா புள்ளைக வெளையாடுற சொப்புக் காசாம்மா?" என்று கேட்டார். அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. அணாவாகவே மாற்றி எடுத்துப் போங்கள்.

ஆவுடையார்கோவில் அங்கிருந்து ஒன்பது மைல், பத்தேகாலுக்குச் சேர்ந்தோம். திருடர் யாரும் வரவில்லை. கோயிலுக்குப் பக்கத்தில் சத்திரம் இருக்கிறது, குடும்பத்துக்கு அறை கொடுக்கிறார்கள், வாடகை கிடையாது. கிணற்றுத் தண்ணீரை அம்மா கொதிக்கவைத்தே கொடுத்தாள், யாருக்கும் வயிறு கெடவில்லை. உச்சிக்காலத்தில் புழுங்கலரிசிச் சோற்றை வடித்துப் பெரிய கல்லில் கொட்டினார்கள். அந்தச் சோற்றின் ஆவியைத்தான் சாமிக்குப் படைக்கிறார்கள். வெள்ளையாகச் சுருண்டு சுருண்டு மேலே போயிற்று. பொன்னி வாயைத் திறந்து அதைக் குடிக்கப் பார்த்தாள்.

மூன்று மணிக்குப் புறப்பட்டு மீமிசல் வழியாகப் பதினைந்து மைல், ஐந்தரைக்கு ஜெகதாப்பட்டினம். கடைசி நாலு மைல் மணல். சக்கரம் ஒரு முறை புதைந்தது, வலைக்காரர்கள் ஆறு பேர் தள்ளிவிட்டார்கள், காசு வாங்கவில்லை. அம்மா கடலில் முங்கி எழுந்து, சேலை சொட்டச் சொட்ட எங்கள் இரண்டு பேர் தலையிலும் கையால் அள்ளி ஊற்றினாள். அவ்வளவு சந்தோஷமாக அம்மாவை நான் பார்த்ததில்லை.

ஏழரைக்கு அந்த ஊர்த் தலையாரி தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். "வெளிச்சம் கடலுப் பக்கம் தெரியப்படாதுங்க. மேலேருந்து பாத்தா குண்டு போட்டுருவானாம். சர்க்கார் உத்தரவு" என்றார். நம் தெருவில் இப்படி யாரும் வந்து சொன்னதில்லை. அப்பா உடனே சன்னல்களுக்குச் சாக்குப் படுதா அடித்தார், டிரம்மையும் சேர்த்து மேலே தார்ப்பாயைப் போர்த்தி நாலு பக்கமும் இழுத்துக் கட்டினார். காலையில் மறுபடி அரை மணி நேரம் ஊத வேண்டாமென்று, கரியை அணைக்காமல் காற்றுத் துவாரத்தை மட்டும் மூடிக் கனலவிட்டார். பொன்னிக்குப் பால் சுடவேண்டுமே என்று சின்னக் கதவு திறந்தே இருந்தது.

அம்மா பக்கத்தில் யார் படுப்பது என்று எனக்கும் பொன்னிக்கும் சண்டை. பொன்னி ஜெயித்தாள். அவர்கள் பின் கட்டிலில் படுத்தார்கள், நான் கோபித்துக்கொண்டு முன்னால் டிரைவர் சீட்டில் சுருண்டேன். அங்கே கதவு சரியாகச் சாத்தாது, விரல் கனத்துக்கு இடைவெளி. அப்பா வெளியே மணலில் படுத்தார்.

இரண்டே முக்கால் இருக்கும், தலைவலியோடு விழித்தேன். வெளியே போகத் துணைக்குக் கூப்பிடலாமென்று அம்மாவிடம் போனேன். சிமினி விளக்கில் அம்மா முகம் செக்கச் செவேலென்று இருந்தது. கடலில் குளித்த அழகு என்று நினைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன் அக்கா. அதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை. பிறகு தொட்டேன், அசைத்தேன், கிள்ளினேன். அம்மா எழுந்திருக்கவில்லை. பொன்னியின் கை துணி மாதிரி விழுந்தது. புகை இல்லை, நாற்றம் இல்லை.

நான் கத்தியதில் அப்பா உள்ளே வந்தார், வந்தவர் அம்மா காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு வந்தவள் மூக்காயி என்ற பெண். பக்கத்துக் கருவேலங்காட்டில் கரிமூட்டம் போடுகிறவள். விறகை அடுக்கி, மண்ணால் மூடி, உள்ளே கனலவிட்டுக் கரியாக்குவார்களே, அந்த வேலை. "ஒப்பாரி வைக்காம தூக்கு சாமி. காத்தப் பாக்கப் போடு" என்று அப்பாவை அதட்டினாள். இரண்டு பேரையும் மணலில் கடற்காற்றுக்கு முகம் காட்டிக் கிடத்தினாள். பனையோலையால் விசிறிக்கொண்டே இருந்தாள். பொன்னி முதலில் விழித்துப் பால் கேட்டு அழுதாள். அம்மா கண் திறக்க நாலு மணி ஆயிற்று. வாந்தி எடுத்துவிட்டு, "எங்கிட்டு இருக்கோம்" என்று கேட்டாள். அப்பா, அம்மா பாதத்தில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

விடிந்ததும் மூக்காயியிடம் போய் என்ன நடந்தது என்று கேட்டேன். "கரி நல்லா எரியிறப்ப ஒண்ணும் செய்யாது ஆத்தா. எரிஞ்சும் எரியாம மூச்சு முட்டிக் கெடக்கு பாரு, அப்பத்தான் ஆளத் தின்னும். அதுக்கு வாசன கெடையாது. நாங்க மூட்டத்துக்குப் பக்கத்துல படுத்தாலும் காத்து வாற பக்கமாத்தான் தல வைப்போம். ஒங்கப்பன் வீட்டுக்குள்ளயே மூட்டம் போட்டு, வாசலும் வெட்டி வச்சிருக்காரு" என்றாள். அவளிடமே ஒரு மூட்டை கரி வாங்கினோம், ஒரு ரூபாய் நாலணா. விசிறியதற்கு எதுவும் வாங்கமாட்டேன் என்றுவிட்டாள்.

அப்பா அவள் சொன்னதைக் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை. கடற்கரையில் காற்றுக் கருப்பு அடித்துவிட்டது என்றார். மீமிசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் வாங்கி முன்னால் கட்டினார். திரும்பும் வழியில் சாம்பல் தட்ட நின்றபோது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அம்மா என் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, ஊருல போயி எதுவும் சொல்லிறாத. சொன்னா அம்புட்டுத்தான். இந்த வண்டில நாய் கூட ஏறாது."

"செல்லம்மக்காவும் கைப்புள்ளையும் போறாகளேப்பா."

"அவுகளுக்கு ஒண்ணும் ஆகாது. அம்மா தலையில கைய வச்சுச் சொல்லு, சொல்ல மாட்டேன்னு."

வைத்துச் சொன்னேன். ஐந்து நாளாக அந்தக் கை என் கையாகவே இல்லை. சொன்னால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ. சொல்லாவிட்டால் உங்கள் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ. இரண்டையும் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். கடைசியில் ஒன்று தோன்றியது. மூக்காயி வாயைத் திறந்ததால்தான் சத்தியம் செய்வதற்கு அம்மா தலை இருந்தது. அதனால் எழுதுகிறேன். அப்பா கெட்டவரில்லை அக்கா. அந்தக் கதவை அம்மாவுக்காகத்தான் வெட்டினார். அதை ஆணியடித்து மூடினால், தானே அம்மாவைக் கொல்லப் பார்த்தேன் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயப்படுகிறார் போலிருக்கிறது.

இனி நீங்கள் செய்யவேண்டியது. போலீசுக்கும் ஜப்பான்காரனுக்கும் பயப்படவேண்டாம். பயணத்தை நிறுத்தவும் வேண்டாம், நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். கடற்கரையில் தங்காதீர்கள். ஆவுடையார்கோவில் சத்திரத்திலேயே படுத்து, ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஏழரைக்குக் கடலாடிவிட்டு அன்றே திரும்பலாம். வண்டி ஏறியதும், குழந்தைக்குக் காற்றடிக்கிறது என்று சொல்லி அத்தானை விட்டு அந்தச் சின்னக் கதவுக்கு மேல் பலகை வைத்து நாலு ஆணி அடிக்கச் சொல்லுங்கள். அப்பா மறுக்கமாட்டார். ஓடும்போது சன்னல்களை மூடாதீர்கள். குழந்தையைப் பின் கட்டிலில் போடவே கூடாது. எங்காவது தங்கும்படி ஆகிவிட்டால் மணலில் படுங்கள், பனி பெய்தாலும் பரவாயில்லை. யாருக்காவது தலை வலித்தால் உடனே இறங்குங்கள். குழந்தையின் முகம் சிவந்து, அசையாமல் தூங்கினால், நன்றாகத் தூங்குகிறதே என்று விட்டுவிடாதீர்கள். கிள்ளி அழவிடுங்கள். அழுதால் போதும்.

பால் சுடவைப்பதற்கு வேறு வழி இருக்கிறது. அறந்தாங்கியில் காப்பிக் கடைக்குப் பக்கத்தில் ஒரு

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா.

"பாப்பா, ஏன் தாப்பாப் போட்டுருக்க? உள்ள கரிச்சட்டி எதுவும் இருக்கா? சன்னலத் தொறந்து விட்டியா? ஆத்தா, பேசு. ஒரு வார்த்த பேசு"